பணம் இருந்தால் வாங்குவேன்: பாரசீகத்தில் 'இல்லாத இன்று' (விவாத இழை)

9 ஜனவரி 2022, ஒரு வாசகரின் கேள்வி

பாரசீகம் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். பாடத்தில் 'அகர் பூல் தாஷ்தம், மாஷீன் மீகரீதம்' என்று ஒரு வாக்கியம். 'பணம் இருந்தால் கார் வாங்குவேன்' என்று பொருள் போட்டிருக்கிறார்கள். ஆனால் தாஷ்தம் என்றால் 'என்னிடம் இருந்தது', மீகரீதம் என்றால் 'வாங்கிக்கொண்டிருந்தேன்'. இரண்டுமே இறந்தகாலம். இன்றைய நிலைமையைச் சொல்ல நேற்றைய வினை எதற்கு? இன்று இல்லாத ஒன்றைக் கற்பனையாகச் சொல்ல அந்த மொழியில் தனி வடிவமே கிடையாது போலிருக்கிறது. குறையுள்ள இலக்கணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

9 ஜனவரி 2022, இரவு

குறை இல்லை. நீங்கள் நம் மொழியை நன்றாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

'இருந்தால்' என்பதைப் பிரியுங்கள். 'இருந்த்' என்பதோடு 'ஆல்'. வந்தால், போனால், செய்தால் எல்லாமே இறந்தகால அடியின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. 'நாளைக்கு மழை பெய்தால்' என்கிறோம். நாளைய மழைக்கு 'பெய்த்' எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. பழைய 'செயின்' வாய்பாட்டில் (வரின், பெய்யின்) இந்த இறந்தகால அடி இல்லை. தொல்காப்பியத்தின் வினையெச்சப் பட்டியலில் இருப்பது அந்தச் செயின்தான். இன்று எழுத்திலும் பேச்சிலும் ஆல் வடிவம்தான் ஆள்கிறது. ஆக, நிபந்தனைக்குள் இறந்தகாலம் நுழைவதில் நமக்கு அதிர்ச்சி வேண்டாம்.

பாரசீகக்காரர் நம்மிடமிருந்து வேறுபடுவது வேறு இடத்தில். 'பணம் இருந்தால் வாங்குவேன்' என்று நான் சொன்னால், என்னிடம் பணம் இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது. சம்பளம் வரப்போகிறவனும் அதைத்தான் சொல்வான், பரம ஏழையும் அதைத்தான் சொல்வான். பாரசீகத்தில் இந்த மழுப்பல் நடக்காது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்:

அகர் பூல் தாஷ்தே பாஷம், மீகரம். (இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தால் வாங்குவேன்.)

அகர் பூல் தாஷ்தம், மீகரீதம். (இல்லை. இருந்தால் வாங்குவேன்.)

தமிழ் 'எப்போது' என்று கேட்கிறது. பாரசீகம் 'நிஜமா' என்று கேட்கிறது. உங்கள் குழப்பம் அங்கேதான்.

11 ஜனவரி 2022

உதாரணம் கேட்டு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். புத்தகத்தைத் திறக்க வேண்டியதில்லை, குங்குமப்பூ போதும்.

நான் கொஞ்சகாலம் துபாய் தேராவில் ஒரு ஈரானியர் கடைக்குக் கணக்கு எழுதினேன். பிஸ்தா, பாதாம், உலர்ந்த எலுமிச்சை, குங்குமப்பூ. முதலாளி ஷீராஸ்காரர். எல்லோரும் 'ஹாஜ் ஆகா' என்போம். ஒருநாள் யாரோ வெளியிலிருந்து ஒரு டப்பா குங்குமப்பூவைக் கொண்டுவந்து 'இது அசல்தானா பாருங்கள்' என்று நீட்டினார். ஹாஜ் ஆகா ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். நாலைந்து இழைகளை விரலில் எடுத்துக்கொண்டு, போடுவதற்கு முன்னால் சொன்னார்:

அகே அஸ்ல் பாஷே, ஸூத் ரங் நெமீதே.

அசலாக இருந்தால் சீக்கிரம் நிறம் விடாது. (அகே என்பது அகரின் பேச்சு வடிவம்.) போட்டார். விழுந்த உடனே தண்ணீர் சிவப்பாகிவிட்டது. அசல் பூ மெதுவாகத்தான் இறங்கும், தண்ணீர் பொன்மஞ்சளாகும், இழை மட்டும் சிவப்பாகவே நிற்கும். இங்கே இழை வெளுத்துப்போய்க் கிடந்தது. டம்ளரைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சொன்னார்:

அகே அஸ்ல் பூத், இங்கத்ர் ஸூத் ரங் நெமீதாத்.

அசலாக இருந்தால் இவ்வளவு சீக்கிரம் நிறம் விடாது. தமிழில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வாக்கியம். 'இவ்வளவு' ஒன்றைத்தான் சேர்க்க முடிந்தது. அங்கே வினை இரண்டும் புரண்டுவிட்டன: பாஷே போய் பூத், நெமீதே போய் நெமீதாத். பூ தண்ணீரில் விழுவதற்கு முன் அவருக்குத் தெரியாது. விழுந்த பின் தெரியும். டம்ளர் அவர் கையில்தான் இருக்கிறது, நடப்பது இந்த நிமிடம்தான். ஆனாலும் வினை இறந்தகாலம்.

(டப்பாவைக் கொண்டுவந்தவர் பாரசீகம் தெரியாதவர். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.)

12 ஜனவரி 2022

வடிவத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பிறகு இந்தப் பேச்சு வேண்டாம்.

மெய்யாக நடக்கக்கூடிய நிபந்தனைக்கு: அகர் என்பதற்குப் பின் 'பெ' (சில வினைகளில் 'பி') முன்னொட்டு போட்ட வினை. அகே பாரூன் பியாத், நெமீரம். மழை வந்தால் போகமாட்டேன். இருத்தல், உடைமை இரண்டுக்கும் 'பெ' வராது. பாஷம், தாஷ்தே பாஷம்.

இல்லாத இன்றுக்கு: இரண்டு பக்கமும் 'மீ' போட்ட இறந்தகாலம். மீகரீதம், மீரஃப்தம், மீதூனெஸ்தம். பூதன் (இருத்தல்), தாஷ்தன் (உடைமை) இரண்டும் ஈரானியப் பேச்சில் 'மீ' ஏற்காது. வெறும் பூதம், தாஷ்தம் என்றே நிற்கும். முன்னொட்டு சேர்ந்த வினை என்றால் கதை மாறும். பர்தாஷ்தன் என்றால் எடுத்தல். அதில் 'பர்மீதாஷ்தம்' என்று மீ உள்ளே நுழைந்துவிடும்.

தமிழ் எழுத்தில் இதற்கு மேல் துல்லியம் வராது. ஒலிக்கு எந்தக் க, எந்தப் ப என்று கேட்பவர்கள் காதால் கேட்டுப் பழகிக்கொள்ளவும்.

12 ஜனவரி 2022, இன்னொன்று

'உன் இடத்தில் நான் இருந்தால்' என்பதற்கு அகே ஜாயே தோ பூதம். தமிழ் எழுத்தில் படித்தால் 'உன் இடத்தில் ஒரு பூதம்' என்று இருக்கிறது. சிரித்து முடித்த பிறகு கவனியுங்கள்: பாரசீகப் பூதனும் சமஸ்கிருத 'பூ' வேரும் ஒரே குடும்பம். பூதம் என்றால் 'இருந்தது, ஆகிப்போனது'. இந்தி இலக்கணத்தில் இறந்தகாலத்துக்கு பூத் கால் என்றே பெயர். நம் ஊர் பூதமும் ஒருகாலத்தில் 'இருந்தவர்'தான்.

15 ஜனவரி 2022

வாணியம்பாடியிலிருந்து ஒருவர்: 'எங்கள் வீட்டில் உருது. அகர் பைசே ஹோதே தோ கரீத்தா என்போம். இதுவும் அதே மாதிரிதானே?'

ஒரு விஷயத்தில் அப்படியே. அந்த ஹோதே, கரீத்தா இரண்டிலும் இன்று, நேற்று என்ற வேறுபாடு இல்லை. 'இப்போது பணம் இருந்தால் வாங்குவேன்', 'அப்போது பணம் இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்' இரண்டுக்கும் ஓடும். பாரசீகமும் இந்த இடத்தில் அதே பெட்டிதான்.

அகே மீதூனெஸ்தம், நெமீயூமதம்.

இதற்கு இரண்டு பொருள். 'தெரிந்தால் வரமாட்டேன்', 'தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன்'. வந்து உட்கார்ந்துவிட்ட விருந்தாளி சொன்னால் இரண்டாவதுதான் என்று நமக்கே புரியும். அலான் (இப்போது), தீரூஸ் (நேற்று) என்று ஒரு சொல் போட்டால் சந்தேகம் தீர்ந்தது. கட்டாயம் இறந்தகாலம் என்று அடித்துச் சொல்ல வேண்டுமென்றால் நிபந்தனைப் பக்கத்தை ஒரு படி பின்னால் தள்ளுவார்கள்: அகே கொஃப்தே பூதீ, மீயூமதம். சொல்லியிருந்தால் வந்திருப்பேன். முடிவுப் பக்கம் மீயூமதமாகவே நிற்கும், அதைப் பின்னால் தள்ளுவது அரிது.

ஆக நமக்கு இரண்டு பெட்டி, அவர்களுக்கும் இரண்டு பெட்டி. சுவரை வேறு இடத்தில் எழுப்பியிருக்கிறார்கள். நாம் இன்றுக்கும் நேற்றுக்கும் நடுவே. அவர்கள் நடக்கலாம் என்பதற்கும் நடக்கவில்லை என்பதற்கும் நடுவே.

16 ஜனவரி 2022

முதல் கேள்வி கேட்டவர் விடவில்லை. 'அதெல்லாம் சரி, ஏன் இறந்தகாலம்? வேறு எந்தக் குறியும் கிடைக்கவில்லையா?' என்கிறார்.

மொழியியலில் இதற்குப் போலி இறந்தகாலம் என்று பெயர். பாரசீகத்துக்கு மட்டும் உரியதல்ல. ஆங்கிலம், கிரேக்கம் போன்ற மொழிகளிலும் உண்டு. சபீன் ஈயாத்ரிதூ என்ற மொழியியலார் 2000-இல் எழுதிய ஒரு கட்டுரை இதில் எல்லோரும் தொட்டுச் செல்வது. அவர் சொல்வது ஏறக்குறைய இப்படி: நாம் இறந்தகால விகுதி என்று நினைக்கும் குறியின் அடிப்படைப் பொருள் 'நேற்று' அல்ல, 'இங்கே அல்ல'. நேரத்தின் மேல் வைத்தால் 'இந்த நேரம் அல்ல', அது இறந்தகாலம். உலகத்தின் மேல் வைத்தால் 'இந்த உலகம் அல்ல', அது கற்பனை.

எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. முழுவதும் நம்புகிறேனா என்றால், இல்லை. தமிழின் 'பெய்தால்' இதில் எங்கே உட்காரும்? நாளைக்கு மழை பெய்யவே வாய்ப்பு அதிகம் என்றாலும் பெய்தால்தான். இந்த உலகத்துக்குள்ளேயே இருக்கிற மழைக்கும் அதே அடி. ஒருவேளை நம் ஆல் வடிவத்தில் அந்த 'த்' காலத்தைத் தொலைத்து வெறும் இணைப்பாக மாறிவிட்டதோ என்னவோ. இதைத் தமிழ் இலக்கணம் தெரிந்தவர்கள் யாராவது எடுத்துப் பேசுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன்.

20 ஜனவரி 2022

ஆஃப்கானிஸ்தானிலும் பாரசீகம் பேசுகிறார்களே, அங்கும் இப்படித்தானா என்று கேட்டது நல்ல கேள்வி.

அதே கடையில் ஹெராத்தைச் சேர்ந்த ஒருவர் மூட்டை கட்டுவார். ஹாஜ் ஆகா 'அகே ஜாயே தோ பூதம்' என்றால் இவர் 'அகர் ஜாயே தோ மீபூதம்' என்பார். பணம் இருந்தால் என்பதற்கு 'அகர் பைசா மீதாஷ்தம்'. ஷீராஸ்காரருக்கு மீபூதமும் மீதாஷ்தமும் பழைய ஏட்டிலிருந்து எழுந்து வந்த மாதிரி. சிரிப்பார். ஹெராத்காரர் அசையமாட்டார்.

என் கட்சி ஹெராத்காரர் பக்கம். ஈரானியப் பேச்சில் 'பூத்' என்று தனியாகக் கேட்டால் அது மெய்யான நேற்றா, இல்லாத இன்றா என்று வாக்கியம் முடியும் வரை காத்திருக்க வேண்டும். ஆஃப்கானியர் 'மீபூத்' என்ற உடனேயே விஷயம் தெளிவு. தஜிகிஸ்தானிலும் இதே கதைதான். அங்கே மேபூதம், மேதோஷ்தம் என்று கேட்கலாம். மூன்று நாடுகளில் ஒன்று மட்டும் சுருக்கிக்கொண்டது. பாடப் புத்தகங்களோ பெரும்பாலும் அந்த ஒன்றைத்தான் வைத்து எழுதப்படுகின்றன. காபூல் செய்தியைக் கேட்டுவிட்டு 'தப்பாகப் பேசுகிறார்கள்' என்று எழுதாதீர்கள். போன வாரம் இங்கே ஒருவர் எழுதினார், பார்த்தேன்.

22 ஜனவரி 2022

அகே இல்லாமலும் பேசுவார்கள். இதைப் புத்தகங்கள் அதிகம் சொல்வதில்லை.

மீகொஃப்தீ, மீயூமதம்.

'சொல்லிக்கொண்டிருந்தாய், வந்துகொண்டிருந்தேன்' என்று அகராதி வைத்துப் படித்தால் பைத்தியம் பிடிக்கும். பொருள் 'சொன்னால் வந்திருப்பேனே'. முதல் பாதியில் குரல் ஏறும், இரண்டாம் பாதியில் இறங்கும். அந்த ஏற்றம்தான் அகே. பூல் தாஷ்தம், மீகரீதம் என்பதும் அப்படியே. கடை வாசலில் விலை கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் முணுமுணுப்பது இதைத்தான்.

29 ஜனவரி 2022

பழைய பாரசீகக் கவிஞர் ஸாதியைப் படிக்க முயன்று மாட்டிக்கொண்ட நண்பருக்கு.

1258-இல் அவர் எழுதிய குலிஸ்தான் நூலில் இருந்து நீங்கள் எடுத்துப் போட்ட வரி:

கொர்பே-யே மெஸ்கீன் அகர் பர் தாஷ்தீ
தொக்ம்-எ கொன்ஜெஷ்க் அஸ் ஜஹான் பர்தாஷ்தீ

'பாவம் பூனையே, உனக்கு இறக்கை இருந்தால் நீ சிட்டுக்குருவி வித்தை எடுத்திருப்பாய்' என்று பெயர்த்திருக்கிறீர்கள். 'நீ' எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இன்றைய பாரசீகத்தில் தாஷ்தீ என்றால் 'நீ வைத்திருந்தாய்'. ஆனால் இங்கே அந்தக் கடைசி 'ஈ' முன்னிலை விகுதி அல்ல. பழைய பாரசீகக் கவிதையில் நிபந்தனைக்கும் ஆசைக்கும் வினையின் கடைசியில் ஒரு ஈ ஒட்டுவார்கள். ஈரானியப் பள்ளிகளில் நிபந்தனை யா, ஆசை யா என்று சொல்லிக்கொடுக்கிறார்கள் (அந்த ஈ-யை எழுதும் எழுத்தின் பெயர் யா). தன்மையில் ரஃப்தமீ, படர்க்கைப் பன்மையில் ரஃப்தந்தீ என்று வரும்போது குழப்பமில்லை. படர்க்கை ஒருமையில் மட்டும் ரஃப்த் என்பதோடு ஈ சேர்ந்து ரஃப்தீ ஆகி, 'நீ போனாய்' என்பதோடு மோதிக்கொள்ளும்.

ஆக வரியின் பொருள்: பாவப்பட்ட பூனைக்கு இறக்கை இருந்தால், சிட்டுக்குருவி இனத்தையே பூண்டோடு ஒழித்துவிடும்.

முதல் நாள் இந்த இழையில் வந்த 'தனி வடிவமே கிடையாதா' என்ற கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. இருந்தது. கழற்றிவிட்டார்கள். அந்த வேலையை இப்போது மீ தனியாகப் பார்க்கிறது.

29 ஜனவரி 2022, இரவு

பழமொழிக்கு வந்துவிட்டோம் என்றால் இதைச் சொல்லாமல் விட முடியாது.

அகே காலம் ரீஷ் தாஷ்த், தாயீம் மீஷொத்.

என் காலாவுக்குத் தாடி இருந்தால் தாயி ஆகியிருப்பாள். காலே என்றால் அம்மாவின் சகோதரி, தாயி என்றால் அம்மாவின் சகோதரன். அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா! அவர்கள் அம்மா வீட்டுப் பக்கம் போய்விட்டார்கள், நாம் அப்பா வீட்டிலேயே நின்றுவிட்டோம். அவர்களுக்குத் தாடி, நமக்கு மீசை. மற்றபடி கிண்டல் ஒன்றே.

இலக்கணம் மட்டும் ஒன்றல்ல. 'முளைத்தால்' என்பது முளைக்கவும் கூடும் என்ற தொனியை அப்படியே வைத்துக்கொண்டு சிரிக்கிறது. நமக்கு வாக்கியத்தின் அபத்தம்தான் சிரிப்பு. பாரசீகத்தில் தாஷ்த் என்ற வினையே 'இல்லை, இருக்கப் போவதும் இல்லை' என்று சொல்லிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. அகரையும் (என்றால்) மகரையும் (தவிர) கட்டிவைத்தார்களாம், காஷ்கி (அந்தோ, இருந்திருக்கக்கூடாதா) என்று ஒரு பிள்ளை பிறந்ததாம். வேலையைத் தள்ளிப்போடுகிறவனைப் பார்த்துச் சொல்வது. ஹாஜ் ஆகா இதைக் கணக்குப் புத்தகத்தைக் காட்டி என்னிடம் சொல்லியிருக்கிறார்.

2 பிப்ரவரி 2022

அந்தப் பிள்ளையைப் பற்றியும் கேட்டுவிட்டீர்கள்.

காஷ், காஷ்கி இரண்டும் ஒன்றே. பின்னால் வரும் வினை அகருக்குச் சொன்ன அதே சுவரைப் பின்பற்றும். காஷ் பியாத்: வரட்டுமே, வந்தால் நன்றாக இருக்குமே, வரவும் கூடும். காஷ் மீயூமத்: வரவில்லை, வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், அல்லது வந்திருக்கலாமே. காஷ் இன்ஜா பூதீ: நீ இங்கே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். தொலைபேசியில் அழுகிறவர்கள் எல்லோரும் சொல்வது கடைசி வாக்கியம்தான். மொழி படிக்கிறவர்கள் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியதும் அதுதான் என்பேன். மூன்று சொல்லில் இந்த இழை மொத்தமும் அடங்கிவிடுகிறது.

5 பிப்ரவரி 2022

ஜனவரி 9-ஆம் தேதி எழுதியதில் 'தமிழ் எப்போது என்று கேட்கிறது' என்று ஒரே போடாகப் போட்டேன். அதற்கு மறுப்பு வரும் என்று காத்திருந்தேன், யாரும் வரவில்லை. நானே மறுக்கிறேன்.

'அப்பா இருந்திருந்தால் இன்றைக்கு எண்பது வயது ஆகியிருக்கும்.'

இது இன்றைய கணக்கு. 'இன்றைக்கு' என்ற சொல்லே இருக்கிறது. ஆனாலும் இருந்திருந்தால் போட்டோம், இருந்தால் போடவில்லை. ஏன்? அப்பா இறந்துவிட்டார், அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆக, கதவு இறுகச் சாத்தியிருக்கும் விஷயத்தில் நாமும் இறந்தகாலத்துக்கு மேல் இன்னொரு இறந்தகாலத்தை ஏற்றி 'நிஜமல்ல' என்று காட்டுகிறோம். பாரசீகத்தில் இதே வாக்கியம் 'அகே ஸெந்தே பூத், ஹஷ்தாத் சாலேஷ் பூத்'. உயிரோடிருந்தால் எண்பது வயது. இரண்டு பக்கமும் வெறும் பூத்.

இன்னொரு சான்று. அழைப்பைத் தட்டிக்கழிக்கிறவர் சொல்வது: வக்த் நதாரம், வகர்னா மீயூமதம். நேரமில்லை, இல்லாவிட்டால் வருவேன். தமிழில் நான் இயல்பாகச் சொல்வது 'நேரமில்லை, இல்லாட்டி வந்திருப்பேன்'. விருந்து இன்னும் நடக்கவே இல்லை, நாளைக்குத்தான். ஆனாலும் 'வந்திருப்பேன்'. நமக்கும் போலி இறந்தகாலம் இருக்கிறது. கட்டாயமில்லை, அவ்வளவுதான். வேண்டும்போது எடுப்போம், வேண்டாதபோது 'இருந்தால்' என்று மழுப்பிவிடுவோம். மழுப்பல் பிடிக்காதபோது 'மட்டும்' போடுவோம்: எங்கிட்ட மட்டும் பணம் இருந்தால்! அல்லது கேள்வியாக்கிவிடுவோம்: பணம் இருந்தால் வாங்க மாட்டேனா? இரண்டைக் கேட்டாலும் பாக்கெட் காலி என்று தெரிந்துவிடும். பாரசீகம் வினையில் செய்வதை நாம் இடைச்சொல்லிலும் குரலிலும் செய்கிறோம்.

6 பிப்ரவரி 2022

'அப்படியானால் அகேவுக்குப் பின் இறந்தகாலம் வந்தாலே கற்பனை என்று எடுத்துக்கொள்ளலாமா' என்று கேட்டவருக்கு: கூடாது. இங்கேதான் எல்லோரும் சறுக்குவார்கள்.

அகே தீதீஷ், பெஹெஷ் பெகூ. அவனைப் பார்த்தால் சொல்லிவிடு. தீதீ வெறும் இறந்தகாலம், மீ இல்லை. இது கற்பனை இல்லை, நாளைக்கு உண்மையாகவே நடக்கக்கூடியது. நம் 'பார்த்தால்' போலவே. பேச்சில் இது மிக அதிகம்.

இரண்டையும் அருகருகே வையுங்கள்:

அகே பரந்தே ஷொதீ, சீகார் மீகொனீ? ஜெயித்தால் என்ன செய்வாய்? (சீட்டு கையில் இருக்கிறது, குலுக்கல் வரப்போகிறது.)

அகே பரந்தே மீஷொதீ, சீகார் மீகர்தீ? ஜெயித்தால் என்ன செய்வாய்? (சீட்டே வாங்கவில்லை, சும்மா கேட்கிறேன். அல்லது குலுக்கல் முடிந்து தோற்றாயிற்று.)

ஷொதீக்கும் மீஷொதீக்கும் நடுவே ஒரு மீ. இல்லாததைக் காட்டுவது இறந்தகாலம் மட்டுமல்ல, மீயும் சேர்ந்த இறந்தகாலம். அந்த மீ இல்லாமல் ஓடும் பூத், தாஷ்த் இரண்டும்தான் தொல்லை. அங்கே முடிவுப் பக்கத்து வினையைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். ஹெராத்காரருக்கு நான் ஏன் ஓட்டுப் போட்டேன் என்று இப்போது புரியும்.

அப்புறம், மீ போட்ட இறந்தகாலம் எல்லாமே கற்பனையும் இல்லை. 'தினமும் போவோம், டீ குடிப்போம்' என்று பழைய கதை சொல்லும்போதும் அதே வடிவம்தான். அகே, காஷ், வகர்னா மாதிரி ஒன்று பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் குரலைக் கேளுங்கள்.

13 பிப்ரவரி 2022

சின்னது. பாயத் மீரஃப்தம் என்றால் 'போயிருக்க வேண்டும்' (போகவில்லை) என்றும் வரும், 'போக வேண்டியிருந்தது' (போனேன்) என்றும் வரும். இடம் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள், வேறு வழியில்லை.

இன்னும் சின்னது. மீகாஸ்தம் யெ சொவால் பெபொர்சம் என்று ஒருவர் ஆரம்பித்தால் 'கேட்க விரும்பினேன், இப்போது விரும்பவில்லை' என்று பொருள் அல்ல. மரியாதை. 'ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்' என்று நாமும் வந்து நின்றுகொண்டுதானே சொல்கிறோம்.

20 பிப்ரவரி 2022

பேராசிரியருக்கு அனுப்பும் மின்னஞ்சலைப் போட்டுச் சரிபார்க்கச் சொன்னவருக்கு. நல்லவேளை, அனுப்புவதற்கு முன் கேட்டீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பது: அகர் வக்த் தாஷ்தீத், கபர் மீதாதீத். 'நேரம் இருந்தால் தெரிவிப்பீர்கள்' என்று பணிவாகச் சொன்னதாக நினைத்திருக்கிறீர்கள். 'இல்லாத இன்றுக்கு இரண்டு பக்கமும் மீ இறந்தகாலம்' என்ற பாடத்தை நன்றாகவே படித்திருக்கிறீர்கள். அவர் படிப்பது இப்படி: 'உங்களுக்கு நேரம் இருந்திருந்தால் தெரிவித்திருப்பீர்கள்.' அதாவது, உங்களுக்கு எங்கே நேரம், நான் யார் உங்களுக்கு! மாமியார் வீட்டில் சொல்வது போல ஒரு குத்தல்.

முதல் பாதியைத் தொட வேண்டாம். அகர் வக்த் தாஷ்தீத் என்பது அப்படியே இருக்கட்டும், அது வழக்கமான, பணிவான தொடக்கம்தான். இரண்டாம் பாதியை மட்டும் மாற்றுங்கள்: கபர் பெதஹீத். தெரிவியுங்கள். பின்னால் ஏவல் வந்துவிட்டால் முன்னால் உள்ள தாஷ்தீத் தானாகவே நடக்கக்கூடிய பக்கம் சாய்ந்துவிடும். இன்னும் பத்திரமாக எழுத வேண்டுமென்றால் முன்னாலும் தாஷ்தே பாஷீத் என்று போடுங்கள். கொஞ்சம் விறைப்பாக இருக்கும், பேராசிரியருக்கு விறைப்பு ஆகும்.

கீழே கையெழுத்துக்கு மேல் நீங்கள் போட்டிருக்கும் ஸாதி வரியை எடுத்துவிடுங்கள். பூனைக்கும் விண்ணப்பத்துக்கும் சம்பந்தமில்லை.